விழுந்த கையைத் தூக்கியவர்கள்: வேலூரில் மருத்துவ மாணவர் கூடிப் படித்த கதை

கோவிந்தாபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டாத நோயாளி நம் பக்கத்தில் இல்லை. உடம்புக்கு முடியவில்லை என்றால் கிழக்கே பொள்ளாச்சி, கோவை. மேற்கே கொல்லங்கோடு, நெம்மாறை, பாலக்காடு. இரண்டு மாநிலத்துச் சீட்டும் ஒரே மஞ்சள் பையில் கிடக்கும். ஒன்றில் எழுதியதை இன்னொன்றில் எழுதியவர் பார்த்தாரா என்று கேட்கும் வழக்கம் நமக்கும் இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் என் தந்தையாருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. கொண்டுபோய்ச் சேர்த்த ஆஸ்பத்திரியின் பெயர் இங்கே வேண்டாம். டாக்டர் நல்லவர், மருந்திலும் குறை சொல்ல முடியாது. மூன்றாம் நாள் பிசியோதெரபி பார்க்க வந்த பெண், "விழுந்த கையைப் பிடிச்சு மட்டும் தூக்கிராதீங்க, தோள்பட்டை எறங்கிப் போயிரும்" என்றார். அதற்கு முன் இரண்டு நாளும் வார்டு உதவியாளர் அந்தக் கையைப் பிடித்துத்தான் அவரைத் தூக்கி உட்கார வைத்திருந்தார். நர்ஸிடம் கேட்டேன். "எங்ககிட்ட யாரும் சொல்லலீங்களே" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. யாரும் யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவுக்குப் பேச்சு திரும்பியது, நடையும் ஓரளவு வந்தது. அந்தத் தோள் வலி மட்டும் கடைசிவரை போகவில்லை.

டாக்டர், நர்ஸ், பிசியோதெரபிஸ்ட் மூவரும் முறையாகப் படித்தவர்கள்தாம். ஆனால் தனித்தனியாகப் படித்தவர்கள். படிக்கிற காலத்திலேயே இவர்களைச் சேர்த்து உட்கார வைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1988இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2010இல் அதற்கொரு செயல்திட்டமும் தந்தது. இது ஏதோ மேல்நாட்டுச் சரக்கு என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அந்த அறிக்கைகளுக்கெல்லாம் வெகு முன்பே நம் வடாற்காடு மண்ணில் இது நடைமுறையில் இருந்தது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

ஐடா ஸ்கடர் 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்டு அவர் டாக்டருக்குப் படிக்கப் போன கதையைப் பலர் அறிவர். 1900இல் வேலூர் திரும்பி ஒரு கட்டிலுடன் தொடங்கினார். 1902இல் 40 படுக்கை கொண்ட மருத்துவமனை எழுந்தது. இதில் நாம் கவனிக்கத் தவறுவது ஒன்றுண்டு. அவர் முதலில் டாக்டர் பள்ளி வைக்கவில்லை. 1909இல் நர்ஸுகளுக்கான பயிற்சிப் பள்ளி வந்தது. பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்ததோ 1918இல்தான். 1922இல் முதல் அணியில் தேர்வெழுதிய 14 பெண்களும் தேறினார்கள். அதாவது, டாக்டர் மாணவிகள் உள்ளே நுழைந்தபோது வார்டில் நர்ஸ்களுக்கு ஒன்பது வருட அனுபவம் இருந்தது! இந்த வரிசை தற்செயலாக அமைந்ததாகவே இருக்கலாம். ஆனால் அதன் பலன் சிறிதன்று என்பது என் எண்ணம். பிறகு 1946இல் செவிலியர் பட்டப்படிப்பு அங்கே தொடங்கியது. நாட்டில் அவ்வாண்டு அது தொடங்கிய இடங்கள் இரண்டே, மற்றொன்று டெல்லி. 1947இல் ஆண்களும் மருத்துவம் படிக்கச் சேர்ந்தனர்.

அந்தக் காலத்தில்தான் பால் பிராண்ட் வந்தார். கொல்லிமலையில் 1914இல் பிறந்தவர். 1946இல் வேலூர் வந்த அவரைச் செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்துக்கு அழைத்துப் போனார் டாக்டர் காக்ரேன். விரல்கள் மடங்கிப்போன ஒருவரின் கையைப் பிராண்ட் பற்றினார். 'செத்த கை' என்று நினைத்தால் உடும்புப் பிடி! அப்போதுதான் விஷயம் புரிந்தது. உள்ளங்கையின் சிறுதசைகள்தாம் செயலிழந்தவை. முன்கைத் தசைகள் நன்றாகவே இருக்கின்றன. நல்ல தசைநாணை எடுத்து விரலில் பிணைத்தால் விரல் நிமிரும்.

1948 முதல் அறுவை நடந்தது. ஆனால் கத்தி முடிந்ததும் வேலை முடியவில்லை. வேறு வேலைக்குப் பழகிய தசைக்கு, இனி விரலை நிமிர்த்துவதுதான் உன் வேலை என்று மூளை புதிதாகச் சொல்லப் பழக வேண்டும். அதை டாக்டரால் சொல்லிக்கொடுக்க முடியாது. ரூத் தாமஸ் என்ற பிசியோதெரபிஸ்ட் அந்தப் பொறுப்பை ஏற்றார். நிமிர்ந்த விரலுக்கு உணர்ச்சி கிடையாது. சூடான பாத்திரத்தைத் தொட்டால் மறுபடி புண். ஆகவே கருவிக்கு மரப்பிடி போட்டுத் தரத் தச்சர் வேண்டும். காலுக்கு அடி உறுத்தாத ரப்பர் செருப்பு வேண்டும். அதற்குச் செருப்புத் தைப்பவர் வேண்டும். 1951இல் அமைந்த நவஜீவ நிலையத்தில் இவர்கள் எல்லாரும் ஒரே வளாகத்தில் வேலை செய்தார்கள்.

அங்கே ஒரு புதிர். ராத்திரி முழுசாக இருந்த விரல் காலையில் குறைந்திருக்கும். நோய்தான் தின்கிறது என்று எல்லாரும் நம்பியிருந்தனர். நோயாளிகளில் ஒருவர் இரவெல்லாம் விழித்திருந்து பார்த்தார். எலி! உணர்ச்சியற்ற விரலை எலி கடித்துப் போயிருக்கிறது. அதன் பின் வீட்டுக்குப் போகிறவர்களுக்குக் கையோடு ஒரு பூனையும் தரப்பட்டது. ஒருவர் கண்ணில் படாதது இன்னொருவர் கண்ணில் படும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அந்த இன்னொருவர் நோயாளியாகவும் இருக்கலாம்.

கேரளத்தில் வாழும் நாம் மேரி வர்கீஸை மறக்கலாகாது. கொச்சிப் பகுதியில் 1925இல் பிறந்து வேலூரில் படித்த டாக்டர். 1954இல் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பிறகு ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் பயின்று வந்து, வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையைத் தலைமையேற்று வளர்த்தார். 1972இல் பத்மஸ்ரீ. தன்னைத் தூக்கி உட்கார வைத்தவர்களின் வேலை எத்தகையது என்பதை உடம்பால் அறிந்தவர் அத்துறைக்குத் தலைவரானார்!

மாணவர் விஷயத்துக்கு வருவோம். வேலூர்க் கல்லூரியில் மருத்துவம், செவிலியம், பிசியோதெரபி முதலான படிப்புகளின் மாணவர்கள் தொடக்கத்திலேயே கணியம்பாடி ஒன்றியத்துக் கிராமங்களில் சில வாரம் சேர்ந்து தங்குகிறார்கள். வீடு வீடாகப் போகிறார்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பிரசவம் எங்கே நடந்தது, யாருக்குக் கடன் என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். இன்னும் யாரும் முழு டாக்டர் ஆகவில்லை, முழு நர்ஸும் ஆகவில்லை. ஒரே வெயில், ஒரே சாப்பாடு. "ஏம்மா, நீங்க டாக்டரா நர்ஸா?" என்று பாட்டி கேட்டால் இருவருக்கும் ஒரே மாதிரிதான் வெட்கம் வரும். பின்னாளில் ஒரு நர்ஸ், "சார், அந்தக் கையைத் தூக்க வேண்டாம்" என்று தயங்காமல் சொல்ல வேண்டுமானால், அந்தப் பழக்கம் இந்த வயதில்தான் வரும்.

மற்ற இடங்களில் நிலைமை வேறு. டாக்டருக்கு ஓர் ஆணையம், மருந்தாளுநருக்கு ஒரு கவுன்சில், செவிலியருக்குத் தனியமைப்பு. பிசியோதெரபி போன்றவற்றுக்கு 2021இல்தான் சட்டமே வந்தது. பாடத்திட்டங்கள் தனித்தனி. ஆனால் கேரளத்தில் ஒரு நல்வழி கண்ணெதிரே உண்டு. 2008இல் நாட்டிலேயே முதலாவதாக இம்மாநிலம் நோய்த்தணிப்புச் சிகிச்சைக் கொள்கையை அறிவித்தது. பஞ்சாயத்து நர்ஸ், ஆஷா பணியாளர், தன்னார்வலர் எல்லாரும் ஒரே வண்டியில் படுத்த படுக்கையான நோயாளியின் வீட்டுக்குப் போகிறார்கள். அந்த வண்டியில் ஏறி ஒரு நாள் சுற்றிவர நம் பிள்ளைகளுக்குச் சங்கம் ஏற்பாடு செய்யலாம். நம் வீடுகளிலேயே ஒருத்தி நர்சிங், ஒருவன் பார்மசி, ஒருத்தி கோவையில் எம்.பி.பி.எஸ். என்று படிக்கிறார்கள். அடுத்த மருத்துவ முகாமில் இவர்களைத் தனித்தனி மேசையில் உட்கார வைக்காமல், பக்கவாதம் வந்த ஒரு பெரியவரின் வீட்டுக்கு நான்கு பேரையும் ஒன்றாக அனுப்பிப் பார்க்கலாமே. செயற்குழுவினர் இதைப் பரிசீலிக்கக் கேட்டுக்கொள்கிறேன். முகவரி கேட்டால் எங்கள் தெருவிலேயே இரண்டு வீடு சொல்வேன்.