பொன் நானோ துகள்களும் குடிநீர்ச் சோதனையும்

குடிநீரில் கரைந்த காரீயம், பாதரசம், காட்மியம் ஆகிய கன உலோகங்கள் உடலுக்குக் கேடு செய்யும் அளவில் இருந்தாலும் கண்ணுக்கோ நாவுக்கோ தெரிவதில்லை. ஆய்வகக் கருவிகள் இவற்றை நுட்பமாக அளக்கும். ஆனால் அவை விலை மிகுந்தவை. நிறமாற்றத்தைக் கொண்டே இவற்றைக் கண்டறியும் முயற்சியில் பயன்பட்ட பொருள் பொன் நானோ துகள்.

இதன் தொடக்கம் 1857 வரை பின்னோக்கிச் செல்கிறது. மைக்கேல் ஃபாரடே, லண்டனில் பொன் உப்புக் கரைசலைப் பாஸ்பரசுடன் வினைபுரியச் செய்து மாணிக்கச் சிவப்பு நிற நீர்மத்தைப் பெற்றார். அதில் சாதாரண உப்பைச் சேர்த்தால் நிறம் நீலமாக மாறியது. மிகச் சிறிய பொன் துகள்களே அந்நிறத்திற்குக் காரணம் என்று, அவற்றைக் காணும் நுண்நோக்கி இல்லாத காலத்திலேயே அவர் சரியாக ஊகித்தார். ஏறத்தாழ 13 நானோமீட்டர் அளவுள்ள பொன் துகள்கள் விலகி நின்றால் சிவப்பு. நெருங்கித் திரண்டால் நீலம் அல்லது ஊதா. (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சம் நானோமீட்டர்கள் உள்ளன.)

துகள்களை உப்புக்குப் பதிலாக நச்சு உலோகமே திரளச் செய்தால் என்ன? 2001-இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் அமிலப் பூச்சிட்ட பொன் துகள்களைக் கொண்டு இது செய்து காட்டப்பட்டது. ஆனால் காரீயம், பாதரசம், காட்மியம் மூன்றுமே துகள்களைத் திரட்டியதால், எந்த உலோகம் என்று பிரித்தறிய இயலவில்லை.

அந்தக் குறையை டி.என்.ஏ. தீர்த்தது. 2003-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஜுவென் லியூ, யி லூ இருவரும், காரீயம் இருந்தால் மட்டும் டி.என்.ஏ. இழையை வெட்டும் டி.என்.ஏ. நொதியைப் பொன் துகள்களுடன் இணைத்தனர். இங்கே நிறம் தலைகீழ்: காரீயம் இல்லாவிட்டால் துகள்கள் திரண்டு நீலம், இருந்தால் திரளாமல் சிவப்பு. 2007-இல் சாட் மிர்கின் குழுவினர் பாதரசத்திற்கு வேறு வழி கண்டனர். டி.என்.ஏ.வின் இரு தைமின் மூலக்கூறுகளுக்கு இடையே பாதரச அயனி பாலம்போல் அமரும். குறிப்பிட்ட வெப்பநிலைக்குச் சூடாக்கும்போது, பாதரசம் இல்லாத கரைசலில் துகள்கள் பிரிந்து சிவப்பாகும். இருந்தால் ஊதா நிறமே நீடிக்கும்.

இவை அழகிய வேதியியல்தான். ஆனால் குடிநீருக்கு அது போதாது. அந்தப் பாதரசச் சோதனையின் எல்லை லிட்டருக்கு ஏறத்தாழ 20 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவோ 6. அதாவது, "பாதரசம் இல்லை" என்று காட்டும் சிவப்பு நிறத்தை நம்பி அந்நீரைக் குடிக்க முடியாது. 2008-இல் அதே குழுவினர் இந்த எல்லையைத் தூய கரைசலில் 2 மைக்ரோகிராமாகவும், ஏரி நீரில் 6 மைக்ரோகிராமாகவும் குறைத்தனர். அதற்குக் கண்ணாடிப் பட்டையும், வெள்ளிப் படிவும், அதைப் படிக்க ஒளி வருடியும் தேவைப்பட்டன.