அரைப் பைசா யார் பக்கம்?

ஐந்தும் அதற்கு மேலும் வந்தால் கூட்டிக்கொள், குறைந்தால் விட்டுவிடு என்று எண்களை முழுமைப்படுத்தச் சொல்லித்தருகிறோம். இரண்டும் இரண்டும் நாலு என்பதைப் போல இதையும் மாறாத விதியாகவே பிள்ளைகள் மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். ஆனால் சரிபாதியில் நிற்கும் எண் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதைக் கணிதம் சொல்வதில்லை; யாரோ ஒருவர்தான் முடிவு செய்கிறார். பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகளின் காசுக் கணக்கே இதற்குச் சாட்சி.

பழைய திண்ணைப் பள்ளியில் இந்தச் சிக்கலே பெரிதாக எழவில்லை. எண்சுவடி படித்த பிள்ளைக்கு முந்திரி (1/320), காணி (1/80), மா (1/20), மாகாணி (1/16), அரைக்கால் (1/8) எல்லாம் மனப்பாடம். மலையாள எழுத்திலும் இவற்றில் பலவற்றுக்குத் தனிக்குறிகள் உண்டு. பதினாறு அணா ரூபாய் இந்தக் கணக்குக்குள் அப்படியே அடங்கியது: ஓரணா மாகாணி, இரண்டணா அரைக்கால், நாலணா கால். துண்டு விழுவதற்கே பெயர் இருந்ததால் அதைத் தள்ளிவிட வேண்டியதில்லை. தொல்லை வந்தது ஒரு நாணயத்தை இன்னொன்றாக மாற்றும்போதுதான். அன்று பாலக்காடு மலபார் மாவட்டம், சித்தூர் கொச்சி, தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூர். போடிநாயக்கனூரிலிருந்து மலையேறியவரின் பிரிட்டிஷ் ரூபாய்க்குத் திருவிதாங்கூர் நாணயத்தில் 28 சக்கரம் 8 காசு. சக்கரத்துக்கு 16 காசு. வகுத்துப் பார்த்தால் ஓரணாவுக்கு 1 சக்கரம் 12½ காசு. அந்த அரைக் காசை எங்கே வைப்பது?

கேரளம் பிறந்து ஐந்தே மாதத்தில், 1957 ஏப்ரல் 1 அன்று, இதே கேள்வி நாடு முழுவதற்கும் வந்தது. ரூபாய்க்கு நூறு நயா பைசா என்றானதும் ஓரணா 6¼ பைசா ஆயிற்று. அரைப் பைசாவும் அதற்குக் குறைந்ததும் தள்ளுபடி, அரைக்கு மேற்பட்டால் ஒரு பைசா என்று அரசு விதி வகுத்தது. அதன்படி ஓரணா 6, மூன்றணா 19, நாலணா 25. இரண்டணாவுக்குச் சரிக்கணக்கு 12½, பட்டியலில் 12. இன்றைய வகுப்பறை விதிப்படி விடை 13! ஆறணாவும் அப்படியே: பட்டியலில் 37, இன்றைய பிள்ளை எழுதினால் 38. இரண்டில் எதுவும் பிழையில்லை, விதிகள்தான் வேறு.

அரைப் பைசாவில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஒரு தடவைக்கு ஒன்றுமில்லைதான். ஆனால் ஓரணாப் பண்டம் நாலைத் தனித்தனியே வாங்கினால் 24 பைசா, சேர்த்து வாங்கினால் 25. வாங்குபவருக்கு மூன்றணாவில் கால் பைசா நட்டம், ஓரணாவில் கால் பைசா லாபம். நாளெல்லாம் சில்லறை எண்ணும் கடைக்காரருக்கு எதை முதலில் முழுமைப்படுத்துவது என்பதே வியாபாரம். இன்னொரு மறுப்பு வலுவானது: பத்து வயதுப் பிள்ளைக்கு வேண்டியது ஒரு நிலையான விதி, வரலாறு அல்ல என்பார்கள். விதி வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் காரணம் தெரியாமல் விதியைக் கற்ற பிள்ளை, ஒவ்வொரு படியிலும் முழுமைப்படுத்திவிட்டுக் கடைசியில் விடை ஏன் விலகியது என்று திகைக்கிறது. சித்தூரிலோ தேவிகுளத்திலோ தமிழ்வழி வகுப்பில் அந்த அணா–பைசாப் பட்டியலை ஒன்று முதல் பதினாறு வரை போடச் சொன்னால் போதும். இரண்டு, ஆறு, பத்து, பதினாலு அணாக்களில் அரை வந்து நிற்கும்போது பிள்ளைகளே சண்டை பிடிக்கத் தொடங்குவார்கள்.