மின்கலம் இல்லாத செவி

1945 ஆகஸ்டில் மாஸ்கோவில் சோவியத் சிறுவர்கள் அமெரிக்கத் தூதர் ஹாரிமனுக்கு, மரத்தில் செதுக்கிய அமெரிக்க இலச்சினையைப் பரிசளித்தனர். ஏழாண்டுகள் அது தூதரின் இல்லத்தில் தொங்கியது. அதனுள் லெவ் தெரமின் வடிவமைத்த ஒட்டுக்கேட்புக் கருவி. மின்கலம் கிடையாது, வெளியிலிருந்து வானொலி அலை பாய்ச்சினால் மட்டுமே, அறைப்பேச்சுக்கேற்ப அவ்வலையை மாற்றித் திருப்பியனுப்பும். 1952இல்தான் பிடிபட்டது.

அக்கருவி அலையைப் பிரதிபலித்ததோடு சரி. அலையை மின்சாரமாக்கி வேலை வாங்கலாம் என்பதை 1964இல் வில்லியம் பிரவுன், நுண்ணலையால் சிறு ஹெலிகாப்டரைப் பறக்கவைத்துக் காட்டினார். 2015இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் வைஃபை அலையிலிருந்தே ஆற்றல் திரட்டி, ஏறத்தாழ 6 மீட்டர் தொலைவில் வெப்பநிலை உணரியை இயக்கினர். சற்றே அருகில் ஒரு காமிராவையும்.

மின்கலம் மாற்ற வேண்டாத உணரி வசதிதான். ஆனால் ஓயாத அந்தச் செவி எவருடையது என்னும் மாஸ்கோக் கேள்வியும் ஓயவில்லை.