கல்லும் கடுதாசியும்: குடும்ப ஆவணங்களைப் பேணும் மரபு

மறைந்தவர் பெயரை எழுதி நிறுத்துவது தேனி மண்ணின் தொன்மையான வழக்கம். ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட தமிழி (தமிழ்-பிராமி) எழுத்து நடுகற்களுள் ஒன்று, கூடலூர் ஆகோள் (ஆநிரை கவர்தல்) பூசலில் பட்ட தீயன் அந்தவன் என்பானின் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியப் புறத்திணையியல் ஆறு நிலைகளாக வகுக்கிறது. கல்வெட்டு தானே நிற்கும். காகிதம் பேணுவார் இருந்தால்தான் நிற்கும்.

இதற்குத் தமிழுலகின் சிறந்த சான்று புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. அவர் 1736இல் எழுதத் தொடங்கினார், 1761இல் மறைந்தார். தம்பி மகன் திருவேங்கடம் பிள்ளை அதைத் தொடர்ந்தார். அவருக்குப் பின் முத்து விஜய திருவேங்கடம் பிள்ளையும் எழுதினார். அக்குறிப்பேடுகள் குடும்பத்து வீட்டிலேயே கிடந்தன. 1846இல் பிரெஞ்சு அதிகாரி கலுவா மோம்பிரேன் அவற்றைக் கண்டு படியெடுத்தார். 1904 முதல் 1928 வரை சென்னையில் 12 தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளிவந்தன. பிள்ளையவர்களின் எழுத்தாற்றல் பெரிது. அடுத்த தலைமுறை அந்த எழுதுகோலைக் கையிலெடுத்தது அதனினும் பெரிது.

இழப்புக்கும் சான்று உண்டு. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகளை ஆகம விதிப்படி நெருப்பிலிட்ட செய்தியை உ.வே.சாமிநாதையர் மனம் நொந்து பதிந்திருக்கிறார். பக்தியோடு செய்தாலும் அழிவு அழிவே.

தேனிப் பகுதிக் கடிதங்களுக்குத் தனி முகம் உண்டு. தலைப்பில் பிள்ளையார் சுழியோ, 786 என்ற எண்ணோ, சிலுவைக் குறியோ எழுதியவர் குடும்பத்தைச் சொல்லும். முகவரியில் ‘மதுரை ஜில்லா, பெரியகுளம் தாலுகா’ என்றிருக்கும். தேனி தனி மாவட்டமானது 1996இல்தானே. மஞ்சள் தடவிய கல்யாணக் கடிதங்கள் பெட்டியில் தங்கின. சாவுச் செய்தி வந்த கடிதத்தையோ வாசித்ததும் கிழித்தெறிந்தனர். அதனால் பல குடும்பங்களில் பாட்டன் மணநாள் தெரியும், மறைந்த நாள் தெரியாது. அத்தகைய தேதிகளை மூத்தோரிடம் இப்போதே கேட்டு எழுதிவைக்க வேண்டும்.

இப்பகுதிக்கு இரு பருவமழையும் ஈரம் கொண்டுவருகின்றன. பரணில் டிரங்குப் பெட்டிக்குள் கிடப்பவற்றைப் பூஞ்சையும் இராமபாணப் பூச்சியும் தின்கின்றன. இன்லண்ட் கடிதம் முதலில் மடிப்பில்தான் கிழியும். விரித்து, அமிலமற்ற தாள் உறையில் இடுவது முறை. செல்லோடேப் ஒட்டினால் பசை பழுத்து எழுத்தைக் கெடுக்கும். ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்த படத்தைப் பிறகு பிரித்தெடுக்க முடியாது. சட்டகத்துக் கண்ணாடியோடு ஒட்டிப்போன புகைப்படத்தைப் பிய்க்காமல், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம். படத்தின் பின்புறம் மென்பென்சிலால் பெயரும் ஊரும் எழுத வேண்டும். பேனா மை மறுபுறம் ஊறிவிடும்.

சரஸ்வதி பூசை பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழை வலுக்குமுன் வருகிறது. ஏடும் கணக்கும் அடுக்கும் அந்தப் பீடத்திலேயே குடும்பக் கடிதங்களையும் வைத்து வணங்கி, விசயதசமியன்று நிழலில் காற்றாடவிட்டு, பிள்ளைகளைக் கொண்டு உரக்க வாசிக்கச் செய்வது அப்பூசை செய்யும் இல்லங்களில் வழக்கமாக வேண்டும்; மற்ற இல்லங்கள் தமக்குரிய ஒரு நாளில் இவ்வாறு காற்றாடவிட்டு வாசிக்கலாம். மூலம் ஒருவர் பொறுப்பில் இருக்க, படிகள் உடன்பிறந்தார் வீடுகள்தோறும் இருக்கட்டும்.