அங்கனை

விளையாட்டில் வென்ற பெண்ணுக்கு நம் பத்திரிகைகள் வைத்திருக்கும் சொல் 'வீராங்கனை'. வீர அங்கனை. அங்கம் என்ற வடசொல்லிலிருந்து வரும் 'அங்கனை'க்கு, வடிவான அவயவங்கள் உடையவள் என்பது பொருள். வீரனுக்கு வீரம் போதும். இவளுக்கு வீரம் அடைமொழிதான், வடிவே பிரதானம். பாராட்டாக நினைத்து அச்சிடுகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. சொல் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது.

எங்கள் சேலம் பக்கத்தில் பெண்ணுடல் பெரிய அளவில் பிம்பமானது சினிமாவால். திருச்செங்கோட்டில் பிறந்த டி.ஆர். சுந்தரம் 1935ல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். 1937ல் முதல் படம், 'சதி அகல்யா'. நூறு படங்களுக்கு மேல் எடுத்த அந்த ஸ்தாபனத்தின் மிச்சமாக ஏற்காடு சாலையில் இன்று முகப்பு வளைவு நிற்கிறது. அங்கு என்றில்லை, தமிழ்ப் படம் பொதுவிலேயே, ஆண் ஓடினால் ஏதோ காரியத்துக்காக ஓடுகிறான். பெண் ஓடினால் யாரோ துரத்துகிறார்கள், அல்லது காதலனை நோக்கி ஓடிவருகிறாள். தனக்காக ஓடும் பெண்ணைப் பார்க்கக் காமிராவும் கற்கவில்லை, அதன் முன் உட்கார்ந்திருந்த நாமும் கற்கவில்லை. இதே சமவெளியில் சேகோ களங்களில் வெயிலோடு ஜவ்வரிசி காயவைத்த பெண்களின் பலமும், சூளையில் செங்கல் சுமந்த பெண்களின் பலமும் யாருக்கும் வீரமாகப் படவில்லை.

2005ல் சானியா மிர்ஸா ஹைதராபாதில் டபிள்யூ.டி.ஏ. ஒற்றையர் பட்டம் வென்றார். அப்பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். அமெரிக்க ஓபனில் நான்காவது சுற்றுவரை போனார். அதே செப்டம்பரில் அவரது குட்டைப்பாவாடைக்கு மதவாதிகள் ஆட்சேபம் தெரிவித்தார்கள். ஆட்சேபத்தைக் கண்டித்தவர்களும் பாவாடையைப் பற்றித்தான் பேசினார்கள். அவரது முன்கை அடி இரண்டு தரப்புக்கும் அவசியப்படவில்லை. 2011ல் உலக பாட்மின்டன் ஸ்தாபனம் ஆட்டத்தைக் கவர்ச்சியாக்க வேண்டிப் பெண்கள் பாவாடைதான் அணிய வேண்டும் என்று விதி கொண்டுவந்து, எதிர்ப்பு வந்ததும் கைவிட்டது.

2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரை 2 நிமிடம் 3.16 நொடியில் ஓடி வெள்ளி பெற்றார் சாந்தி சௌந்தரராஜன். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சிக்காரர்; சூளைத் தொழிலாளிகளின் மகள். சில தினங்களில் பாலினச் சோதனையில் அவர் தேறவில்லை என்பது தொலைக்காட்சிச் செய்தியாயிற்று. ஒரு பெண்ணின் மருத்துவ அந்தரங்கம் வீட்டுக்கூடங்களில் விவாதமாயிற்று. பதக்கம் பறிக்கப்பட்டது. முதலமைச்சர் கருணாநிதி அப்படியும் 15 லட்சம் ரூபாய் பரிசளித்தார். 2012ல் சாந்தி சூளையில் கூலி வேலை செய்யும் செய்தி வந்தது.

சானியாவுக்கும் சாந்திக்கும் நேர்ந்தவை வேறுவேறாகத் தெரியலாம். பார்த்த கண் ஒன்றுதான். முதலாமவர் அதற்கு அளவு மிஞ்சிய பெண். இரண்டாமவர் அளவு குறைந்த பெண். அளவுகோல் ஓட்டத்திலோ ஆட்டத்திலோ இருந்து எடுக்கப்பட்டதல்ல.

இதற்குச் சரித்திரம் உண்டு. 1966ல் புடாபெஸ்ட் ஐரோப்பியப் போட்டியில் பெண்கள் டாக்டர்கள் முன் நிர்வாணமாக நிற்க வேண்டியிருந்தது. 1968 மெக்ஸிகோவிலிருந்து குரோமோசோம் சோதனை. 1985ல் கோபேயில் தடுக்கப்பட்ட ஸ்பானியத் தடையோட்டக்காரி மார்த்தினெஸ் பத்தீன்யோ போராடி 1988ல் உரிமையை மீட்டார். எல்லோருக்குமான சோதனையை ஒலிம்பிக் கமிட்டி 1999ல் நிறுத்தியது. சந்தேகம் வந்தால் சோதிப்பது நீடித்தது. சந்தேகம் எங்கிருந்து வரும்? பார்ப்பவனிடமிருந்துதான். டூட்டி சந்த் 2014ல் விலக்கப்பட்டு, சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றத்தில் 2015ல் அவ்விதியையே நிறுத்திவைக்கச் செய்தார். 2025 செப்டம்பர் முதல் உலகத் தடகளப் போட்டிகளின் பெண்கள் பிரிவுக்கு மரபணுச் சோதனை எல்லோருக்கும் கட்டாயம். நிர்வாண வரிசை இப்போது எச்சிலில், ரத்தத்தில் நடக்கிறது.

ஊடகத்தைத் திட்டி இதை முடித்துவிடலாம். முடியவில்லை. அந்த டிசம்பரில் நாமக்கல்லில் ஒரு டீக்கடையில் செய்தியைப் படித்தபின், சாந்தியின் படத்தை இரண்டாம் முறை பார்த்தேன். தோளை, தாடையை. எதைத் தேடினேன் என்பது எனக்குத் தெரியும். குட்டி ரேவதியின் 'முலைகள்' 2002ல் வந்து தாக்கப்பட்டபோது கவிதையில் பெண்ணுடலின் சுதந்திரத்துக்காக வாதாடியவன் நான். நான்கே வருஷம் கழித்து ஒரு புகைப்படத்தின் முன் என் ரஸனையும் பயிற்சியும் சோதனைச்சாலைப் பக்கம் போய் நின்றன.

சேலம் காந்தி ஸ்டேடியத்தில் காலையில் பெண்பிள்ளைகள் ஓடுகிறார்கள். துப்பட்டாவும் செருப்பும் ஓரத்தில் ஒரு குவியலாகக் கிடக்கின்றன. இவர்களை எழுத நேர்ந்தால் 'ஓட்டக்காரி' என்றே எழுத உத்தேசம். கொச்சை என்பார்கள். அந்தச் சொல்லில் முதலில் ஓட்டம் இருக்கிறது.