கொடைக்கானல் ஏறிய கார்புரேட்டர்

அப்பாவின் மதுரைப் பட்டறைக்கு வந்த பிரீமியர் பத்மினிகளில் சோலெக்ஸ் கார்புரேட்டர்தான். சமவெளிக்கு டியூன் செய்த வண்டி வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலை ஏறினால் கறுப்புப் புகை கக்கும். 2,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. பெட்ரோலை அளந்துவிடும் ஜெட்டின் துளை மாறாததால் பெட்ரோல் மிகுந்துவிடும். சித்திரை வெயிலில் வேறு தொல்லை: பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வண்டி நின்றுவிடும். பம்ப் மேல் ஈரத்துணியைப் போட்டுக் காத்திருப்பார் அப்பா.

2000-ஐ ஒட்டிப் புகைக் கட்டுப்பாடு இறுகியபோது மாருதி 800-க்குக் கார்புரேட்டருக்குப் பதிலாக எம்பிஎஃப்ஐ என்னும் பெட்ரோல் பீய்ச்சும் முறை வந்தது. சென்சார் காற்றழுத்தத்தை அளக்கிறது, கணினி அதற்கேற்பப் பெட்ரோலைக் குறைக்கிறது. மலைக்கு இதுதான் சரி, சந்தேகமே இல்லை. ஆனாலும் பழைய பத்மினியில் இதைப் பொருத்த நான் சம்மதிக்கமாட்டேன். உயரழுத்த பம்ப், சென்சார்கள், வயர்கள் என்று எஞ்சினின் உருவமே மாறிவிடும். கார்புரேட்டரில் ஜெட் அடைத்தால் கழற்றி ஊதி மாட்டலாம். நடுவழியிலும் வண்டி கிளம்பிவிடும்.