நெடும்பயண சைக்கிளுக்கான பிரேக்

நெடும்பயண சைக்கிளின் பிரேக்குக்கு இரண்டு வேலைகள்: சுமையோடு போகும் வண்டியை நிறுத்துவது, மலை இறக்கத்தில் வேகம் மீறாமல் பிடித்து வைப்பது. இரண்டாவதுதான் கடினமானது. திருப்பரங்குன்றத்துக் கிரிவலப் பாதையிலோ திருமங்கலம் சாலையிலோ ஓட்டும்போது அது தெரியாது. மதுரைச் சமவெளிக்கு நல்ல நிலையில் உள்ள எந்த பிரேக்கும் போதும். அதே சைக்கிள் உசிலம்பட்டி வழியாக மேற்கே போனால் ஆண்டிபட்டிக் கணவாய் வரும். போடிக்கு அப்பால் போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகள்.

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆள், வண்டி, மூட்டை எல்லாம் சேர்ந்த 100 கிலோ அங்கிருந்து 2,000 மீட்டர் கீழே இறங்கினால் ஏறத்தாழ 20 லட்சம் ஜூல் ஆற்றல் வெளிப்படும். ஆறு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். காற்றும் சாலையும் ஒரு பங்கை வாங்கிக்கொள்கின்றன. மிச்சம் பிரேக்கில் சூடாக மாறுகிறது. மெதுவாக இறங்க இறங்கக் காற்றின் பங்கு குறையும், பிரேக்கின் பங்கு கூடும்.

பழைய கறுப்பு சைக்கிள்களின் ராடு பிரேக், கட்டையை மேலே இழுத்து ரிம்மின் உட்புறத்தில் அழுத்துகிறது. ஒயர் அறுந்துபோகும் கவலையே இல்லாத, ஆண்டுக்கணக்கில் உழைக்கும் அமைப்பு அது. ஆனால் குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் பிடிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். மலை மழையில் அதை நம்பக் கூடாது.

1990-களில் பரவிய வி-பிரேக், அலுமினிய ரிம்மை இருபுறமும் கவ்வுகிறது. பழுது பார்க்க எளிது, கட்டை மலிவு. கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பார் என்றால் லிவரைக் கவனித்து வாங்க வேண்டும்: அதன் வழக்கமான லிவர் ஒயரைக் குறைவாகவே இழுப்பதால் வி-பிரேக்குக்குப் பொருந்தாது. நீண்ட இறக்கத்தில் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும் ஆபத்தும் உண்டு.

டிஸ்க் பிரேக்கில் சூடு டயரிலிருந்து விலகி, சக்கரத்தின் நடுவிலுள்ள தட்டில் தங்குகிறது. ரிம்மில் கோட்டம் விழுந்தாலும் பிரேக் பிடிக்கும். எண்ணெயில் இயங்கும் வகைக்கு விரல் அழுத்தமே போதும். ஆனால் குழாயில் கசிவு கண்டால் தெருமுனை சைக்கிள் கடையில் சரிசெய்வது அரிது. ஆகவே மேற்குமலைப் பயணத்துக்கு ஒயரில் இயங்கும் டிஸ்க் பிரேக்கே பொருத்தமான தேர்வு. அதிகச் சுமை இருந்தால் முன்சக்கரத்துக்கு 160-க்குப் பதில் 180 மில்லிமீட்டர் தட்டு, ஃபோர்க் அதை ஏற்குமானால். கேரியரின் கால் பின் பிரேக்கில் இடிக்கிறதா என்று வாங்கும்போதே வைத்துப் பார்ப்பது நல்லது. பிரேக் பேடுகள் மாடலுக்கு மாடல் வடிவம் மாறுவதால் இரண்டு ஜோடிகளைப் பையில் எடுத்துப்போக வேண்டும்.

இறங்கும்போது பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே வரக் கூடாது. வளைவுக்கு முன்பே அழுத்திப் பிடித்து, நேர்ப்பாதையில் விட்டுவிட்டால் தட்டும் ரிம்மும் ஆற நேரம் கிடைக்கும்.